ஆறிலிருந்து ஆறு வரை: அமெரிக்கத் தொழிலாளர் இயக்கத்தின் தொடக்க ஆண்டுகள்

தமிழில் அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றை எழுதுகிறவர்களும் பேசுகிறவர்களும் பெரும்பாலும் 1886 மே மாதத்துச் சிகாகோவிலிருந்தே தொடங்குகிறார்கள். 1923ஆம் ஆண்டு மே 1 அன்று சென்னையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய காலம் தொட்டு, எட்டு மணி நேர வேலைநாள், ஹேமார்க்கெட் சதுக்கத்துக் குண்டுவெடிப்பு, தூக்குமேடை ஏறிய தலைவர்கள் ஆகியவை நம் மேடைகளில் ஆண்டுதோறும் நினைவுகூரப்பட்டு வருவதால், அந்த நிகழ்ச்சியே இயக்கத்தின் பிறப்பு என்ற எண்ணம் இயல்பாக ஊன்றிவிட்டது. உண்மையில் அது ஏறத்தாழ நூறாண்டுக்காலப் போராட்டத்தின் ஒரு கட்டம். அந்த நூறாண்டின் முற்பகுதியைப் பற்றியே இங்கு விரிவாக எழுத விரும்புகிறேன்; ஏனெனில் அமெரிக்கத் தொழிலாளி முதலில் எதற்காகச் சங்கம் சேர்ந்தான் என்ற கேள்விக்கான விடை அங்கேதான் கிடைக்கிறது. கூலி உயர்வு அந்த விடையின் ஒரு பாதி. மறு பாதி, என் கணிப்பில் கனமான பாதி, நேரம்.

1791ஆம் ஆண்டில் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் வீடு கட்டும் தச்சர்கள் வேலையை நிறுத்தினார்கள். நாட்டின் மிகப் பழைய வேலைநிறுத்தங்களுள் அது ஒன்று. குடியரசின் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை, அதற்குள் உணவுக்கு இரண்டு மணி நேரம், ஆக உழைப்பு பத்து மணி நேரம் என்பதே அவர்கள் கேட்டது. அக்காலத்தில் வேலைநாள் என்பது சூரியன் எழுவதிலிருந்து சூரியன் விழும் வரை நீண்டது. கோடையில் அங்கே பொழுது பதினைந்து மணி நேரம்கூட நிற்கும். குளிர்காலத்தில் ஒன்பது மணி நேரத்தில் இருட்டிவிடும். மேஸ்திரிகள் இதை நன்றாகக் கணக்குப் போட்டு, பகல் நீளும் கோடையில் நாள் கூலியும் பகல் குறுகும் குளிர்காலத்தில் பீஸ் ரேட்டும் கொடுத்து வந்தார்கள். திருப்பூரிலோ சிவகாசியிலோ பீஸ் ரேட்டுக்கு வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. அந்த வேலைநிறுத்தம் வெல்லவில்லை. ஆனால் ‘ஆறிலிருந்து ஆறு வரை’ என்ற கோரிக்கை அந்நகரத்தை விட்டுப் போகவுமில்லை.

இந்தத் தச்சர்கள் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் அல்லர் என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். தொழில் பழகும் பையன், பழகி முடித்துக் கூலிக்கு வேலை செய்யும் தொழிலாளி, சொந்தப் பட்டறை வைத்த மேஸ்திரி என்ற மூன்று படிகள் கொண்ட பழைய கைவினை உலகம் அது. இரண்டாம் படியில் நிற்பவன் சில ஆண்டுகளில் மூன்றாம் படிக்கு ஏறிவிடுவான் என்ற நம்பிக்கை இருந்தவரை அங்கே சங்கத்துக்கு அவசியம் எழவில்லை. சந்தை விரிந்தபோது அந்த நம்பிக்கை உடைந்தது. அது எப்படி உடைந்தது என்பதை, 1806ஆம் ஆண்டில் அதே ஃபிலடெல்ஃபியாவில் நடந்த காலணித் தொழிலாளர் வழக்கைப் போல வேறெதுவும் தெளிவாகக் காட்டுவதில்லை. அந்த விசாரணையைச் சுருக்கெழுத்தாளர் ஒருவர் எழுதி எடுத்து அச்சிட்டுவிட்டார். ஆகவே இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய சாதாரண மனிதர்களின் பேச்சு நமக்குக் கிட்டத்தட்ட அப்படியே கிடைக்கிறது. தொழிலாளர் வரலாற்றில் இறங்க நினைப்பவர்களுக்குக் கோட்பாட்டு நூல்களுக்கு முன் இந்த விசாரணைப் பதிவைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

வழக்கின் சாரம் இது. 1794இல் சங்கம் அமைத்திருந்த காலணித் தொழிலாளர்கள், 1805ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். அவர்களில் எட்டுப் பேர் மீது, கூட்டுச் சேர்ந்து கூலியை உயர்த்தச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. ஒருவன் தனியாக நின்று கூடுதல் கூலி கேட்பது குற்றமில்லை, பலர் சேர்ந்து கேட்டால் குற்றம் என்பதே அரசுத் தரப்பின் வாதம். அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது இங்கிலாந்தின் பொதுச் சட்டம். இங்கிலாந்து அரசனை எதிர்த்துப் போரிட்டு விடுதலை பெற்ற நாட்டில் அந்த அரசனுடைய நீதிமன்றங்கள் வகுத்த விதியைக் கொண்டு தொழிலாளியைத் தண்டிக்கலாமா என்று தொழிலாளர் தரப்பு வழக்கறிஞர் சீசர் ராட்னி கேட்டார். ஜூரியாக அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் கடைக்காரர்கள், விடுதி நடத்துபவர்கள், வியாபாரிகள். நீதிபதி மோசஸ் லெவி அவர்களுக்கு வழிகாட்டும்போது, கூட்டுச் சேர்வதன் நோக்கம் தமக்கு நன்மை தேடுவதாக இருந்தாலும் சேராதவர்களுக்குத் தீங்கு செய்வதாக இருந்தாலும் சட்டம் இரண்டையுமே கண்டிக்கிறது என்று சொல்லிவிட்டார். எட்டுப் பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, ஆளுக்கு எட்டு டாலர் அபராதமும் வழக்குச் செலவும் விதிக்கப்பட்டன. எட்டு டாலர் என்பது ஏறத்தாழ ஒரு வார வருமானம்.

சாட்சிகளில் இருவரை மறக்க முடியாது. ஒருவர் ஜாப் ஹாரிசன் என்ற தொழிலாளி. சங்கம் முன்பு ஒருமுறை வேலைநிறுத்தம் செய்தபோது, வீட்டில் நோயுற்ற மனைவியும் சிறு குழந்தைகளும் இருந்ததால் தான் சங்கத்துக்குத் தெரியாமல் கருங்காலியாக வேலை செய்ததாக அவர் நீதிமன்றத்தில் வெளிப்படையாகச் சொன்னார். சங்கத்துக்குத் தெரியவந்தபோது அவரோடு ஒரே பட்டறையில் உட்கார எவரும் முன்வரவில்லை. மற்றவர் அவருடைய முதலாளி ஜான் பெட்ஃபோர்ட். ஹாரிசனை அவர் வேலையிலிருந்து நீக்கவில்லை. அதனால் அவர் கடையைத் தொழிலாளர்கள் ஒதுக்கி வைத்தார்கள், ஜன்னல் கண்ணாடியும் உடைந்தது. காலணி தைப்பவர்கள் பயன்படுத்தும் ஆணிகளின் உடைந்த துண்டுகளைச் செருகிய உருளைக்கிழங்கு ஒன்று உள்ளே வந்து விழுந்ததாக அவர் சாட்சியம் சொன்னார். எறிந்தவர்கள் யார் என்பதை அந்த ஆணிகளே சொல்லிவிட்டன. ஆனால் பெட்ஃபோர்ட் சொன்னவற்றில் முக்கியமானது வேறு. உள்ளூர் வாடிக்கையாளருக்கு அளவெடுத்துத் தைப்பதோடு நில்லாமல், அவர் தெற்கே சார்ல்ஸ்டன் வரை பயணம் செய்து மொத்த ஆர்டர் பிடித்து வந்திருக்கிறார். தூரத்துச் சந்தையில் மற்ற ஊர் வியாபாரிகளோடு விலையில் போட்டியிட வேண்டுமானால் ஆர்டர் சரக்குக்குக் கூலி குறைய வேண்டும்; ஒரே ஜோடி பூட்ஸைத் தைக்க ஒரே உழைப்புதான் ஆகிறது, ஆகவே யாருக்குத் தைத்தாலும் ஒரே கூலி வேண்டும் என்பது சங்கத்தின் பதில். பட்டறைக்குள் ஒருகாலத்தில் அருகருகே உட்கார்ந்து தைத்த மேஸ்திரியும் தொழிலாளியும் எதிரெதிர்க் கட்சியாக மாறியது இந்த இடத்தில்தான். இதற்கு எந்த இயந்திரமும் காரணமில்லை. அப்போது காலணித் தொழிலில் இயந்திரமே கிடையாது.

சதி வழக்குகள் தொடர்ந்தன, சங்கங்களும் தொடர்ந்தன. அடுத்த இருபது ஆண்டுகளில் நிகழ்ந்த ஒரு மாற்றம் அவற்றின் மொழியையே மாற்றியது. சொத்து இருந்தால்தான் வாக்கு என்ற நிபந்தனை மாநிலத்துக்கு மாநிலம் தளர்ந்து, வெள்ளை இன ஆண்களில் பெரும்பாலோருக்கு வாக்குரிமை வந்துவிட்டது. 1827இல் ஃபிலடெல்ஃபியாத் தச்சர்கள் மீண்டும் பத்து மணி நேரம் கேட்டுப் போராடித் தோற்றார்கள். ஆனால் அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகப் பல தொழில்களின் சங்கங்கள் ஒரே நகர அமைப்பாக இணைந்தன. அமெரிக்காவில் அத்தகைய முதல் அமைப்பு அது. இங்கிலாந்தில் பிறந்து அங்கே குடியேறிய வில்லியம் ஹெய்ட்டன் என்ற காலணித் தொழிலாளி அதன் மூளையாக இருந்தார். மறு ஆண்டே ஒரு தொழிலாளர் பத்திரிகையும் ஒரு தொழிலாளர் கட்சியும் தோன்றின. அந்தக் கட்சியின் கோரிக்கைகளில் முன்னே நின்றது இலவசப் பொதுப்பள்ளி என்பதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். வாக்குச் சீட்டு கையில் இருக்கிறது. ஆனால் விடியலிலிருந்து அந்தி வரை வேலை செய்பவன் செய்தித்தாளை எப்போது படிப்பான், யாருக்கு வாக்களிப்பது என்று எப்போது யோசிப்பான் என்பதே அவர்களின் வாதம். ஓய்வு தேவை என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை. குடிமகனாக இருப்பதற்கு நேரம் வேண்டும் என்று கேட்டார்கள்.

மறுதரப்பின் பதிலையும் சொல்லிவிட வேண்டும். 1825இல் பாஸ்டன் தச்சர்கள் பத்து மணி நேரம் கேட்டபோது, மேஸ்திரிகள் கூடித் தீர்மானம் போட்டார்கள்: சூரிய உதயத்திலிருந்து அந்தி வரை வேலை செய்வதால் தொழிலாளர்கள் பல தீய பழக்கங்களிலிருந்தும் சபலங்களிலிருந்தும் காப்பாற்றப்படுகிறார்கள், நேரத்தைக் குறைத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். தொழிலாளியின் கையில் இரண்டு மணி நேரத்தைக் கொடுத்தால் நேரே சாராயக் கடைக்குப் போய்விடுவான் என்பதன் நாகரிகமான வடிவம் இது. பின்னாளில் எத்தனையோ நாடுகளில், எத்தனையோ குரல்களில் இதே வாதத்தைக் கேட்கலாம்; ஆனால் இவ்வளவு அக்கறையான தொனியில் நான் வேறெங்கும் படித்ததில்லை.

பாஸ்டன் தச்சர்கள் 1825இலும் 1832இலும் தோற்றார்கள். 1835இல் கொத்தனார்களையும் கல் தச்சர்களையும் சேர்த்துக்கொண்டு மூன்றாம் முறை இறங்கியபோது ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதை எழுதியவர்களில் ஒருவர் செத் லூதர் என்ற ஊர் ஊராகச் சுற்றிய தச்சர். நேரமும் உடல்நலமும் வலிமையும் கடவுள் எங்களுக்குத் தந்தவை. அவற்றில் எவ்வளவை விற்பது என்று எங்களுக்குக் கட்டளையிட எந்த மனிதனுக்கும் உரிமையில்லை என்பது அதன் மையக் கருத்து. பாஸ்டனில் அந்தப் போராட்டம் மறுபடியும் தோற்றது. ஆனால் அறிக்கை ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதற்கு வேறு தலையெழுத்து இருந்தது.

ஃபிலடெல்ஃபியாவில் முதலில் எழுந்தவர்கள் திறன்மிக்க கைவினைஞர்கள் அல்லர். ஸ்கூல்கில் ஆற்றுத் துறையில் படகுகளிலிருந்து நிலக்கரி சுமந்து இறக்கிய ஐரிஷ் சுமைக்கூலிகள். அதுவரை சங்கம் என்றால் தொழில் பழகியவர்களின் சங்கம்தான். கூலியாட்களை அவர்கள் தம்மில் ஒருவராக எண்ணியதில்லை. 1835 ஜூன் தொடக்கத்தில் காலணித் தொழிலாளர்களும் தச்சர்களும் வண்ணம் பூசுவோரும் பறை, குழல் முழங்க, ‘ஆறிலிருந்து ஆறு வரை, பத்து மணி நேர வேலை, உணவுக்கு இரண்டு மணி நேரம்’ என்று எழுதிய பதாகைகளோடு நிலக்கரித் துறைக்கு ஊர்வலமாகப் போனார்கள். நாம் எல்லோரும் நாள் கூலிகள்தான் என்ற முழக்கம் அப்போது எழுந்தது. தன் தொழில்திறமையை எண்ணிப் பெருமிதம் கொண்ட ஒரு தச்சனின் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவதற்கு 1791லிருந்து நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. சில நாட்களில் நகரத்தின் பெரும்பாலான தொழில்கள் நின்றன. அமெரிக்காவின் முதல் பொது வேலைநிறுத்தம் என்று வரலாற்றாளர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். நகராட்சி தன் ஊழியர்களுக்கு முதலில் பத்து மணி நேரத்தை ஏற்றுக்கொண்டது. மூன்று வாரங்களுக்குள் தனியார் முதலாளிகளும் பணிந்தார்கள்.

இந்த வெற்றியோடு அந்த அத்தியாயத்தை முடித்துவிடுவது வழக்கம். அதே கோடையில் வாஷிங்டனில் நடந்ததையும் சேர்த்துப் படிக்காவிட்டால் இந்த வரலாறு முழுமையாகாது என்பது என் கருத்து. அங்கே கடற்படைத் தளத்தின் தொழிலாளர்கள் ஜூலை இறுதியில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களும் பத்து மணி நேரம் கேட்டவர்களே. ஆகஸ்ட் மாதத்தில் அந்தக் கோபம் நகரத்தில் வாழ்ந்த சுதந்திரமான கறுப்பின மக்கள் மீது திரும்பியது. பெவர்லி ஸ்னோ என்ற கறுப்பினத்தவர் நடத்திவந்த உணவகம் சூறையாடப்பட்டது. கறுப்பினக் குழந்தைகள் படித்த பள்ளிகள் தாக்கப்பட்டன. மறு ஆண்டு பால்டிமோர் கப்பல் கட்டும் துறை ஒன்றில், சுதந்திரமான கறுப்பினத் தச்சர்களோடு சேர்ந்து வேலை செய்யமாட்டோம் என்று வெள்ளைத் தச்சர்கள் கருவிகளைக் கீழே போட்டார்கள்; அந்தச் சூட்டில் அங்கே வேலை பழகிக்கொண்டிருந்த ஓர் அடிமை இளைஞனை நான்கு வெள்ளைப் பையன்கள் சூழ்ந்து கண் பிதுங்கும்வரை அடித்தார்கள். அந்த இளைஞன்தான் பின்னாளில் அடிமை ஒழிப்புத் தலைவராக உலகறிந்த ஃபிரடெரிக் டக்ளஸ். நாம் எல்லோரும் நாள் கூலிகள் என்ற முழக்கத்தின் ‘எல்லோரும்’ எங்கே நின்றுவிட்டது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. உள்நாட்டுப் போர் முடிந்த பிறகும், 1865இல், பால்டிமோர் துறைமுகத்தில் கப்பல் பலகைகளின் இடுக்குகளை அடைக்கும் கறுப்பினத் தொழிலாளர்களை வெள்ளைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தே வெளியேற்றினார்கள். வெளியேற்றப்பட்டவர்கள் ஐசக் மையர்ஸ் தலைமையில் பங்குப் பணம் திரட்டிச் சொந்தமாகவே ஒரு கப்பல் பட்டறையைத் தொடங்கினார்கள். வேலைநிறுத்தம் என்ற ஆயுதம் யார் கையில் யாரை நோக்கித் திரும்புகிறது என்பதைக் கேட்காமல் அதைக் கொண்டாட என்னால் முடிவதில்லை.

சட்டத்தின் கதையை இங்கே முடித்துக்கொள்ளலாம். 1836இல் நியூயார்க் தையல்காரர்கள் இருபது பேர் சதிக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டபோது, சவப்பெட்டி வரைந்த சுவரொட்டிகள் நகரமெங்கும் ஒட்டப்பட்டன. தொழிலாளர்களின் சுதந்திரம் புதைக்கப்படும் நாள் என்று அவற்றில் எழுதியிருந்தது. மறு ஆண்டு வந்த பொருளாதார நெருக்கடி, நீதிமன்றங்களால் முடியாததைச் செய்தது: வேலையே இல்லாதபோது சங்கமும் இல்லை, பெரும்பாலான அமைப்புகள் கரைந்துபோயின. பிறகு 1842இல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றத்தில் பாஸ்டன் பூட்ஸ் தொழிலாளர் வழக்கு வந்தது. சங்க விதியை மீறியதற்காக விதித்த அபராதத்தைக் கட்ட மறுத்த ஜெரமையா ஹோர்ன் என்ற தொழிலாளியை, சங்கத்தின் வற்புறுத்தலால் முதலாளி வேலையை விட்டு நீக்கியதுதான் வழக்கு. ஏழு பேருக்குக் கீழ்நீதிமன்றம் வழங்கிய தண்டனையைத் தலைமை நீதிபதி லெமுவேல் ஷா ரத்து செய்தார்: நோக்கமும் சட்டபூர்வமானது, வழியும் சட்டபூர்வமானது என்றால் கூட்டுச் சேர்வது மட்டும் எப்படிக் குற்றமாகும்? முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் ராட்னி கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது என்று சொல்லலாம். எனினும் அந்தத் தீர்ப்பு ஒரு மாநிலத்தை மட்டுமே கட்டுப்படுத்தியது, பிற இடங்களில் வழக்குகள் நிற்கவில்லை.

அந்த மாசசூசெட்ஸிலேயே, மெரிமாக் ஆற்றங்கரையில் லோவெல் என்ற ஊரில், பிரச்சினை முற்றிலும் புதிய வடிவம் எடுத்திருந்தது. 1820களில் வெறும் வயல்வெளியாக இருந்த இடத்தில் அருவியின் நீர்விசையைக் கொண்டு பஞ்சாலைகள் எழுந்தன. அங்கே வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நியூ இங்கிலாந்துக் கிராமத்து விவசாயக் குடும்பங்களின் பெண்கள், திருமணமாகாதவர்கள். கம்பெனிகள் அவர்களுக்கு விடுதி கட்டிக் கொடுத்தன. இரவு பத்து மணிக்கு விடுதிக் கதவு சாத்தப்படும், ஞாயிறன்று கோயிலுக்குப் போக வேண்டும், முறைப்படி விடைபெறாமல் வேலையை விட்டுப் போனால் வேறு மில்லில் இடம் கிடைக்காது. ஆறிலிருந்து ஆறு வரை என்று கேட்ட தச்சனுக்குச் சூரியனாவது எஜமானாக இருந்தது; இந்தப் பெண்களுக்கு மில் மணி. எழுப்பும் மணி, நுழையும் மணி, காலை உணவு மணி, மதிய உணவு மணி, வெளியேறும் மணி, விளக்கணைக்கும் மணி. வாரத்துக்குச் சராசரியாக எழுபத்து மூன்று மணி நேர வேலை. மணியடிக்கிறவரின் கடிகாரம் நேர்மையானதுதானா என்ற ஐயம் அன்றைய மில் ஊர்களில் பரவலாக இருந்தது. ரோட் ஐலண்டின் பாட்டக்கெட்டில், 1824இல் பெண் நெசவாளர்கள் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்துக்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு, மில் நேரத்தைச் சரிபார்ப்பதற்கென்றே ஊர்மக்கள் பணம் திரட்டித் தேவாலயக் கோபுரத்தில் பொதுக் கடிகாரம் ஒன்றை மாட்டினார்கள்.

லோவெலில் 1834 பிப்ரவரியில் கூலிக் குறைப்பை எதிர்த்துச் சுமார் எண்ணூறு பெண்கள் வெளியேறினார்கள். ஒருத்தி தண்ணீர் அடிக்கும் பம்பின் மீது ஏறி நின்று பெண்ணுரிமையைப் பற்றிப் பேசியதைப் பத்திரிகை திகைப்போடு செய்தியாக்கியது. விடுதலைப் போரில் சண்டையிட்டவர்களின் மகள்கள் நாங்கள் என்று அவர்கள் தங்கள் அறிக்கையில் எழுதினார்கள். வங்கிகளிலிருந்த தங்கள் சேமிப்பைத் திரும்ப எடுத்தார்கள். சில நாட்களில் அது அடங்கிவிட்டது. 1836 அக்டோபரில் விடுதிக் கட்டணத்தைக் கூட்டியபோது அதைவிடப் பெரிய கூட்டம் வெளியேறியது. அப்போது ஹேரியட் ஹான்சன் என்ற சிறுமிக்குப் பதினொரு வயது. நூல் நிரம்பிய பாபின்களைக் கழற்றி வெற்றுப் பாபின்களை மாட்டுவது அவள் வேலை. மேல்மாடிக்காரர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். இவள் இருந்த அறையில் பெரிய பெண்கள் ‘போகலாமா, நீ வருவாயா’ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பொறுமையிழந்த அவள், யார் வந்தாலும் வராவிட்டாலும் நான் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். பின்னால் அறை முழுவதும் வந்தது. திரும்பிப் பார்த்தபோது கண்ட அந்த நீண்ட வரிசை தந்த பெருமையைப் பிறகு வாழ்வில் எதுவும் தரவில்லை என்று முதிய வயதில் அவர் எழுதினார். கம்பெனி அவளைத் தண்டிக்கவில்லை. விடுதி நடத்திவந்த அவளுடைய விதவைத் தாயை வேலையை விட்டு நீக்கியது: பெரிய பெண்களை உன்னால் தடுக்க முடியாமல் போகலாம், உன் மகள் குழந்தை, அவளையாவது அடக்கியிருக்க வேண்டும் என்று காரணமும் சொன்னது.

1837 நெருக்கடிக்குப் பிறகு தறிகளின் வேகம் கூடியது, ஒருத்தி பார்க்க வேண்டிய தறிகளின் எண்ணிக்கையும் கூடியது. ஆகவே 1840களில் லோவெல் பெண்கள் கூலியை விட்டு நேரத்தைப் பிடித்தார்கள். 1844 டிசம்பரில் சாரா பேக்லி தலைமையில் பெண் தொழிலாளர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. வாக்குரிமை இல்லாதவர்களுக்குச் சட்டமன்றத்தை அணுக இருந்த ஒரே வழி மனு. அதைத்தான் கையெழுத்துத் திரட்டி அனுப்பினார்கள். 1845 பிப்ரவரி 13 அன்று சட்டமன்றக் குழு சாட்சியம் கேட்டது. எலிசா ஹெமிங்வே என்ற தொழிலாளி தன் வேலைக்கூடத்தைக் கணக்கோடு விவரித்தார்: அந்த ஒரே அறையில் ஏறத்தாழ நூற்றைம்பது பேர்; அவர்களில் பன்னிரண்டு பேர் சிறுவர் சிறுமியர். குளிர்காலத்தில் காலையிலும் மாலையிலும் 293 சிறு விளக்குகளும் 61 பெரிய விளக்குகளும் எரியும். எண்ணெய்ப் புகையும் பஞ்சுத் தூசியும் கலந்த காற்றைப் பற்றி அவர் சொன்னதைவிட, விளக்குகளை அவர் எண்ணி வைத்திருந்தார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. பேக்லியும் சாட்சியம் சொன்னார். மில் வேலை முடிந்து இரவில் தன் அறையில் மற்றப் பெண்களுக்கு நான்கு ஆண்டுகள் குளிர்காலப் பள்ளி நடத்தியதையும் அதனால் உடல்நலம் கெட்டிருக்கலாம் என்பதையும் தயங்காமல் குறிப்பிட்டார்.

குழுவின் தலைவர் வில்லியம் ஷௌலர் லோவெல் பத்திரிகை ஒன்றின் உரிமையாளர், கம்பெனிகளுக்கு வேண்டியவர். குழு ஆலைகளைப் போய்ப் பார்த்தது. முற்றத்தில் புல்தரையும் மரங்களும் பூச்செடிகளும் இருப்பதை மெச்சியது. பிறகு, நேரம் நீளமாக இருப்பது உண்மைதான், ஆனால் அதற்குத் தீர்வு எங்களிடம் இல்லை; கலையும் அறிவியலும் முன்னேறும்போது, மனிதர்களின் பணத்தாசை குறையும்போது எல்லாம் சரியாகும் என்று அறிக்கை எழுதியது. தமிழ்நாட்டு அரசுக் கோப்புகளில் ‘கருணையுடன் பரிசீலிக்கப்படும்’ என்று வருவதைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்த நடை அந்நியமாக இருக்காது. பெண்களுக்கு வாக்கு இல்லை. ஆனாலும் அடுத்த தேர்தலில் ஷௌலருக்கு எதிராக அவர்கள் வெளிப்படையாக வேலை செய்தார்கள், அவர் தோற்றார், அவரை அவருக்குத் தகுந்த இருட்டுக்கு அனுப்பிவைத்த லோவெல் வாக்காளர்களுக்கு நன்றி தெரிவித்துச் சங்கம் தீர்மானம் நிறைவேற்றியது. மறு ஆண்டு பேக்லி மில்லை விட்டு லோவெலின் தந்தி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நாட்டின் முதல் பெண் தந்திப் பணியாளர் அவரே என்று சொல்கிறார்கள்.

இந்தப் பெண்கள் தங்கள் நிலையை அடிமைத்தனம் என்று அடிக்கடி எழுதினார்கள். அவர்கள் நூற்ற பஞ்சு தெற்கே உண்மையான அடிமைகள் பறித்தது. லோவெல் ஆலைகள் சிலவற்றில் நெய்த முரட்டுத் துணி அதே அடிமைகளுக்கு உடுத்தக் கொடுப்பதற்காகவே விற்பனையானது. அவர்களில் சிலர் அடிமை ஒழிப்பு மனுக்களிலும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஆகவே அந்தத் தொடர்பை அவர்கள் அறியவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அறிந்தும் அந்தத் தறியில்தான் நிற்க வேண்டியிருந்தது.

பத்து மணி நேரச் சட்டம் முதலில் வந்தது பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில், 1847இல். தனி ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தால் அதற்கு மேலும் வேலை வாங்கலாம் என்று ஒரு விலக்கு அதில் இருந்தது. சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே கம்பெனிகள் ஒப்பந்தத் தாள்களை நீட்டின. கையெழுத்துப் போடாதவர்களுக்கு வேலை போயிற்று. 1853இல் லோவெல் கம்பெனிகள் தாமாகவே பதினொரு மணி நேரத்துக்கு இறங்கி வந்தன. அதற்குள் கிராமத்துப் பெண்களின் இடத்தில், பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ் குடும்பங்கள் வந்துவிட்டன. அவர்களுக்குத் திரும்பிப் போகப் பண்ணை வீடு எதுவும் இல்லை. பெண்களுக்கும் சிறாருக்கும் பத்து மணி நேரம் என்று மாசசூசெட்ஸ் சட்டம் இயற்றியது 1874இல். பேக்லி மனு கொடுத்து இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு கோரிக்கை பத்திலிருந்து எட்டுக்கு இறங்கியது. அதன் கோட்பாட்டாளர் ஐரா ஸ்டூவர்ட் பாஸ்டனைச் சேர்ந்த ஓர் இயந்திரத் தொழிலாளி: நேரம் குறைந்தால் மனிதனின் தேவைகள் விரியும், தேவைகள் விரிந்தால் கூலி தானே ஏறும் என்பது அவர் கணக்கு. அரசு ஊழியத் தொழிலாளர்களுக்கு எட்டு மணி நேரம் என்று 1868இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் இயற்றியது. உடனே பல துறை அதிகாரிகள் நேரம் குறைந்த அளவுக்குக் கூலியையும் குறைத்தார்கள். அதைத் தடுக்க மறு ஆண்டு ஜனாதிபதி கிராண்ட் தனி அறிவிப்பு வெளியிட வேண்டியதாயிற்று. சட்டம் வாங்கினாலும் அதைக் காப்பாற்றச் சங்கத்தின் பலம் வேண்டும் என்ற முடிவுக்கு அடுத்த தலைமுறை வந்தது இந்த அனுபவத்தால்தான். 1884இல் சிகாகோவில் கூடிய தொழிற்சங்கக் கூட்டமைப்பின் மாநாட்டில், 1886 மே 1 முதல் எட்டு மணி நேரமே சட்டப்படியான வேலைநாள் என்று தீர்மானம் கொண்டுவந்த கேப்ரியல் எட்மன்ஸ்டன் ஒரு தச்சர், தச்சர் சங்கத்தின் முதல் தலைவர். 1886இன் தோல்விக்குப் பிறகு அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பு, எல்லாத் தொழில்களும் ஒரே நாளில் இறங்காமல் ஒரு தொழிலை மட்டும் முன்னே அனுப்பி மற்றவை பணம் கொடுத்துத் தாங்குவது என்று வியூகத்தை மாற்றிக்கொண்டது. அதற்காக 1890 மே 1 அன்று களமிறங்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் தச்சர்களே. பல நகரங்களில் அவர்கள் எட்டு மணி நேரத்தை வாங்கிக்கொண்டுதான் வேலைக்குத் திரும்பினார்கள்.